நகை கிடைத்தது, வழக்கு ஏன் தோற்றது?

பூட்டிய வீட்டில் 35 சவரன் நகை கொள்ளை என்று ஒரு நாள் செய்தி வரும். சில வாரம் கழித்து, நாலு பேரை வரிசையாக நிற்க வைத்து, முன்னால் மேசையில் நகைகளைப் பரப்பி ஒரு படம் வரும். படிக்கிறவர் மனத்தில் வழக்கு அத்தோடு முடிந்தது. நகையைப் பறிகொடுத்த குடும்பமும் அப்படித்தான் நினைக்கிறது. பிறகு இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்த நாலு பேரும் விடுதலை என்று கேள்விப்படும்போது, "நகையே கிடைத்த பிறகு எப்படி விட்டார்கள்?" என்று மனம் கொதிக்கிறது. நியாயமான கேள்வி. பதிலைத் தெரிந்துகொண்டால் வீட்டுக்காரர், காவலர், வழக்கறிஞர் என்று எல்லோருமே தங்கள் பங்கை இன்னும் ஒழுங்காகச் செய்ய முடியும்.

வீட்டை உடைத்துத் திருடும்போது அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. அதனால் இந்த வழக்குகள் சூழ்நிலைச் சாட்சியத்தில்தான் நிற்கும். பூட்டை உடைத்து யாரோ நுழைந்தார்கள் என்பது ஒரு கண்ணி. இன்ன பொருள் இன்னாருடையது, அந்த வீட்டிலிருந்து போனது என்பது அடுத்தது. அந்தப் பொருளோ, அங்கே விட்டுப்போன சுவடோ, கூண்டில் நிற்கும் இந்த ஆளோடு சேர்கிறது என்பது மூன்றாவது. 1984-இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: சங்கிலி முழுசாக இருக்க வேண்டும், அது குற்றவாளி என்ற ஒரே முடிவுக்கு மட்டுமே கொண்டுபோக வேண்டும். திருட்டு வழக்குகளில் பெரும்பாலும் கண்ணிகள் இல்லாமல் போவதில்லை. கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவில் இருக்கும் இணைப்புதான் விட்டுப்போகிறது.

முதலில் எந்தக் குற்றம் என்று பார்த்துவிடலாம். பத்திரிகைகள் கொள்ளை என்று எழுதினாலும், ஆளை மிரட்டாமல், அடிக்காமல் பூட்டிய வீட்டில் எடுத்துப்போனால் சட்டத்தில் அது திருட்டுதான். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 457, 380 பிரிவுகள். அதற்குப் பிறகு என்றால் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 331(4), 305 பிரிவுகள். குடியிருக்கும் வீட்டில் திருடியதற்கு 305-இல் 7 ஆண்டு வரை. திருடுவதற்காக இரவில் வீட்டை உடைத்துப் புகுந்தால் 331(4)-இல் 14 ஆண்டு வரை. சட்டத்தில் இரவு என்றால் சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன். இந்த வழக்குகளைப் பொதுவாக விசாரிப்பது நீதித்துறை நடுவர். அவர் விதிக்கக்கூடிய சிறைத் தண்டனை மூன்று ஆண்டுக்கு மேல் போகாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த இரவு என்ற சொல்லில்தான் முதல் சறுக்கல். குடும்பம் வெள்ளிக்கிழமை மாலை வீட்டைப் பூட்டிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போகிறது, திங்கள் காலை திரும்புகிறது. நடுவில் இரண்டு முழுப் பகல்கள். திருடன் ஞாயிறு மத்தியானம் வந்திருக்கலாம். முதல் தகவல் அறிக்கையில் வழக்கமான கைப்பழக்கத்தில் இரவுப் பிரிவைப் போட்டுவிடுகிறார்கள். விசாரணையில், "இரவில்தான் நடந்தது என்று எப்படித் தெரியும்?" என்ற ஒரு கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. பதில் தேடினால் கிடைக்கும். ஞாயிறு மாலை ஆறரை மணிக்குக் கோலம் போட வந்த பக்கத்து வீட்டம்மா கேட்டில் பூட்டு தொங்கியதைப் பார்த்திருப்பார். திங்கள் விடியற்காலை பால்காரர் கதவு திறந்து கிடந்ததைப் பார்த்திருப்பார். இந்த இரண்டு சாட்சிகளும் சேர்ந்தால் நேரம் ஓர் இரவுக்குள் அடங்கிவிடும். இரண்டு பேரையும் அன்றே விசாரித்து எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எந்த ஞாயிறு என்று அவர்களுக்கே நினைவிருக்காது. இது கிடைக்காத வழக்கில், நேரத்தைப் பற்றிப் பேசாத 331(3) பிரிவையும் குற்றச்சாட்டில் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம். அதிலும் திருட்டு நோக்கம் இருந்தால் 10 ஆண்டு வரை இடமிருக்கிறது.

இனி வீட்டுக்குள் போகலாம். கதவு உடைந்திருப்பதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் செய்வது என்ன? ஓடிப்போய் பீரோவைப் பார்க்கிறார், கலைந்து கிடக்கும் புடவைகளை அள்ளுகிறார், நகைப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறார். பத்து நிமிஷத்தில் அக்கம்பக்கம் முழுக்க உள்ளே நிற்கிறது. மனுஷ மனசுக்கு இது இயல்புதான், குறை சொல்ல முடியாது. ஆனால் விரல்ரேகை நிபுணர் வரும்போது அந்தப் பீரோவில் பதினைந்து பேருடைய கை பட்டிருக்கும்.

விரல்ரேகை எடுக்கும் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் எதனால் வீணாகிறது என்று புரியும். விரலில் ஊறும் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் வழவழப்பான பரப்பில் பதியும். பீரோவின் பெயிண்ட் அடித்த தகடு, நிலைக்கண்ணாடி, கண்ணாடி டம்ளர், பித்தளைச் சொம்பு, மழமழவென்ற பிளாஸ்டிக் பெட்டி இவையெல்லாம் நல்ல பரப்பு. சொரசொரப்பான மரக்கதவு, துணி, செதுக்கு வேலை செய்த கைப்பிடி ஆகியவற்றில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. நிபுணர் மெல்லிய தூரிகையால் பரப்பின் நிறத்துக்கு எதிரான நிறப்பொடியைத் தடவுவார். வெளிர் பரப்புக்குக் கரும்பொடி, கரும் பரப்புக்கு வெளிர்பொடி. ரேகை எழுந்ததும், பக்கத்தில் அளவுகோல் வைத்து முதலில் படம். பிறகுதான் ஒட்டுநாடாவில் எடுத்து அட்டையில் ஒட்டுவது. அட்டையில் தேதி, குற்ற எண், எந்த இடத்தில் எடுத்தது, யார் எடுத்தது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள், வேலைக்கு வருபவர்கள் எல்லோருடைய ரேகையையும் எடுத்து ஒப்பிட்டுக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் அந்நியன் ரேகை.

எங்கே கிடைத்தது என்பதற்குத் தனி எடை உண்டு. வெளிக் கேட்டில் ஒருவன் ரேகை இருந்தால் அவன் கூரியர் கொடுக்க வந்திருக்கலாம். ஹாலில் கிடந்த தண்ணீர் பாட்டிலில் இருந்தால் அந்தப் பாட்டில் கடையிலிருந்தே அவன் கைபட்டு வந்திருக்கலாம். பீரோவுக்குள் இருக்கும் லாக்கர் கதவின் உட்பக்கத்தில், அந்த வீட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவன் ரேகை இருந்தால் அவன் என்ன விளக்கம் சொல்ல முடியும்? அதே இடத்தில் போன மாதம் பீரோவுக்குச் சாவி போட்டுக் கொடுத்தவரின் ரேகை என்றால் விஷயமே வேறு. அதனால்தான் பார்வை மகஜரில், அதாவது இடத்தைப் பார்த்துச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பில், "பீரோவில் ரேகை எடுக்கப்பட்டது" என்று மொத்தமாக எழுதுவது போதாது. எந்தக் கதவு, உட்புறமா வெளிப்புறமா, தரையிலிருந்து எத்தனை உயரம் என்று வர வேண்டும். மாதிரி வரைபடத்திலும் அதே இடம் குறிக்கப்பட வேண்டும்.

ரேகை பொருந்தியும் தோற்கும் வழக்குகள் உண்டு. 1997-இல் முகமது அமான் எதிர் ராஜஸ்தான் மாநில வழக்கில் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் இருந்த ரேகைகள் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், ரேகையோடு பொருந்தின. கைப்பற்றிய பொருட்கள் விரல்ரேகைப் பிரிவுக்குப் போய்ச் சேரும்வரை யாரும் கைவைக்காமல் பத்திரமாக இருந்தன என்பதற்குச் சாட்சியம் இல்லை. எதிரியின் மாதிரி ரேகையும் நடுவர் உத்தரவின்படி எடுக்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் அந்த ரேகையை நம்பித் தண்டிக்க மறுத்தது. இன்று 2022-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்துவிட்டதால் கைதானவரின் ரேகையைக் காவல்துறையே எடுக்கலாம். ஆனால் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில், எந்த முத்திரையோடு போனது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. துணியில் பொதிந்து அரக்கு வைத்த பொட்டலத்தில் முத்திரை எழுத்துகள் என்ன என்று மகஜரில் இருக்க வேண்டும். ஆய்வக அறிக்கையில் "முத்திரை சிதையாமல் இருந்தது, மாதிரியோடு பொருந்தியது" என்று வர வேண்டும். இந்த இரண்டு வரி இல்லாததால் எத்தனை உழைப்பு பாழாகிறது என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

மோப்ப நாயைப் பற்றிச் சுருக்கமாக. அது கொஞ்ச தூரம் ஓடி பஸ் நிறுத்தத்தில் நின்றது என்பது விசாரணைக்கு ஒரு திசை காட்டும், அவ்வளவே. நாயைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதை நம்பி மட்டும் தண்டனை நிற்காது.

உடைந்த பூட்டு, நெளிந்த கொண்டி, பெயர்ந்த நாதாங்கி ஆகியவற்றைப் பல வழக்குகளில் கைப்பற்றுவதே இல்லை. வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே தச்சரைக் கூப்பிட்டு மாற்றிவிடுகிறார். கடப்பாறை நுனியில் ஒரு சிறு மூளி இருந்தால் அதன் தடம் உலோகத்தில் அப்படியே விழும். பின்னால் எதிரியிடமிருந்து கடப்பாறை கிடைக்கும்போது தடய அறிவியல் துறையில் ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கொண்டி வேண்டும். பழைய கொண்டி குப்பைக்குப் போயிருந்தால் கடப்பாறை வெறும் இரும்புத் துண்டுதான்.

இப்போதைய சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் இருக்கிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் இடத்துக்கு வந்து தடயம் சேகரித்து அதை வீடியோவும் எடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) சொல்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாண்டு அவகாசம் உண்டு. வீட்டுத் திருட்டு இந்த வரம்புக்குள் வரும். இதை வீட்டுக்காரர் தெரிந்து வைத்திருந்தால், "நிபுணர் வரும்வரை அறையைப் பூட்டி வைக்கட்டுமா?" என்று அவரே கேட்கலாம்.

அடுத்தது, பொருள் யாருடையது என்பது. "சுமார் 35 சவரன்" என்று புகாரில் எழுதிவிட்டு, பத்து நாள் கழித்துத் தனிப் பட்டியல் கொடுப்பது வழக்கமாக நடக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட வசதி வேண்டாம்: நகை கிடைத்த பிறகு அதைப் பார்த்துத்தான் பட்டியல் தயாரித்தார்கள் என்பார். பதற்றத்தில் முதல் நாளே எல்லாம் நினைவுக்கு வராதுதான். அப்படியானால் "விவரமான பட்டியல் பிறகு தருகிறேன்" என்று புகாரிலேயே எழுதிவிட்டு, இரண்டொரு நாளில், கைது நடப்பதற்கு முன்பே கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும்.

பில் இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். அம்மா போட்ட நகைக்கு யாரிடம் பில் இருக்கும்? பில் மட்டும்தான் ஆதாரம் என்று சட்டம் சொல்லவில்லை. தினம் அணிந்த நகையைப் பெண்கள் அடையாளம் காட்டும் திறனுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1983-இல் ஈரபத்ரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் "இது என் செயின்" என்று சொல்வதைவிட, "கொக்கி அறுந்து ஒரு தடவை பற்றவைத்தது, அந்த இடத்தில் நிறம் மங்கியிருக்கும்" என்று, பொருளைப் பார்க்கும் முன்பே வாக்குமூலத்தில் சொல்லியிருந்தால் அதை அசைக்க முடியாது. நம் வீடுகளில் இன்னொரு நல்ல ஆதாரம் இருக்கிறது, யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை: வங்கியில் நகைக்கடன் வாங்கிய சீட்டு. அதில் மதிப்பீட்டாளர் ஒவ்வொரு உருப்படியையும் பெயர் சொல்லி, மொத்த எடை, நிகர எடை போட்டிருப்பார். திருட்டுக்கு முன்பே மூன்றாம் ஆள் ஒருவர் எடை போட்டு எழுதிய ஆவணம் அது. கல்யாண ஆல்பத்தில் கழுத்து தெளிவாகத் தெரியும் படங்களும் உதவும். புது நகை என்றால் ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாள எண் பொறித்திருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகைக்கு இது கட்டாயம். அந்த எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்கி, ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடையில் ஒரு பொறி இருக்கிறது. தாலிக்கொடியில் மஞ்சள் கயிறு, பவளம், கருகமணி, சில நகைகளில் உள்ளே அரக்கு. புகாரில் 48 கிராம், கைப்பற்றிய மகஜரில் 46.300, நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-இல் 44.900 என்று மூன்று எடை வந்தால் மூன்று வேறு நகை என்று வாதாடுவார்கள். எங்கே, யாருடைய தராசில், கயிறோடா கயிறில்லாமலா என்று மூன்று இடத்திலும் எழுதினால் தீர்ந்தது.

இனிதான் வழக்கின் இதயம். காவலில் இருக்கும் எதிரி பேசுகிறான், சாட்சிகள் முன் எழுதிக்கொள்கிறார்கள். காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் அவனுக்கு எதிராகச் செல்லாது. இதைச் சொல்வது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு. அந்தப் பிரிவின் விதிவிலக்கு, பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒரு சின்னக் கதவைத் திறந்து வைக்கிறது: அவன் சொன்னதால் ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் உள்ளே வரலாம்.

வழக்கமான ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம். "நானும் என் கூட்டாளியும் அந்த வீட்டுப் பூட்டை உடைத்து நகைகளைத் திருடினோம். என் பங்குக்கு வந்த, திருடிய நகைகளை என் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டுக்குக் கீழே புதைத்து வைத்திருக்கிறேன், கூட வந்தால் எடுத்துத் தருகிறேன்." முதல் வாக்கியம் முழுக்க வெளியே. இரண்டாவதில் "என் பங்குக்கு வந்த", "திருடிய" ஆகிய சொற்களும் வெளியே. "நகைகளைக் கோழிக்கூண்டுக்குக் கீழே புதைத்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்பது மட்டும்தான் சாட்சியம். அந்த இடத்தில் நகை இருப்பது அவனுக்குத் தெரியும் என்பதை மட்டும் அது காட்டும். 1946-இல் புலுகூரி கோட்டய்யா வழக்கில், அன்று இந்தியாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் வகுத்த கோடு இது. எண்பது ஆண்டு நெருங்கியும் நம் நீதிமன்றங்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன.

இதிலிருந்து வரும் தவறுகளைப் பாருங்கள். நாலு எதிரிகளிடமும் ஒரே மாதிரி வாக்குமூலம், சொல்லுக்குச் சொல் நகல். முதலாமவன் சொல்லி இடம் தெரிந்த பிறகு இரண்டாமவன் அதையே சொன்னால் அது கண்டுபிடிப்பு ஆகாது. அடுத்து, கைது நேரம் மகஜரில் காலை 10 மணி, கைது அறிவிப்பில் மாலை 4 மணி. அப்படியானால் சொல்லும்போது காவலில் இருந்தானா? அடுத்தது இடம். திரிம்பக் வழக்கில், எல்லோரும் வந்துபோகும் திறந்த வயலில் கிடைத்த பொருளை வைத்து அது எதிரியின் வசம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏரிக்கரைப் புதரில் கிடைத்த பை என்றால் இந்த ஆட்சேபம் உடனே வரும். எதிரியே குடியிருக்கும் வீடு என்றால்கூட, அது அவன் வீடுதான் என்பதற்கு வாடகை ஒப்பந்தமோ, வீட்டு உரிமையாளர் சாட்சியமோ வேண்டும். குடும்ப அட்டை நகல் ஒன்றை வாங்கி வைக்க ஐந்து நிமிஷம் ஆகுமா?

மகஜர் சாட்சிகள் பிறழ்வது, அதாவது நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்வது, அடுத்த துயரம். "கையெழுத்து என்னுடையதுதான், ஸ்டேஷனில் வைத்துப் போடச் சொன்னார்கள்" என்ற வாக்கியம் பலமுறை கேட்டது. கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சியாக வைத்தால் பிறழ மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் அதே அலுவலர் ஒரே நிலையத்தின் எல்லா வழக்கிலும் சாட்சி என்றால் மதிப்புக் குறையும். இப்போது நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும், பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திடுவது வரை, ஒலியோடு வீடியோ எடுத்துத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். மண்ணைத் தோண்டும் முன் கேமரா ஓட வேண்டும். பை கையில் வந்த பிறகு தொடங்கும் வீடியோ, இல்லாததைவிட மோசம்.

இத்தனையும் சரியாக நடந்தால், திருட்டு நடந்த கொஞ்ச நாளில் திருட்டுப் பொருளை வைத்திருந்தவன் ஒன்று திருடன், அல்லது தெரிந்தே வாங்கியவன் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 114-ஆம் பிரிவு, இப்போது சாக்ஷிய அதினியத்தில் 119. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று சட்டம் எண் தரவில்லை. செல்போன் கைமாறிக்கொண்டே இருக்கும், அதற்கு அவகாசம் குறைவு. ஈரபத்ரப்பா வழக்கில் சுமார் ஓராண்டு கழித்துக் கிடைத்த நகைகளையும் புடவைகளையும் வைத்தே ஊகத்தை ஏற்றார்கள். அவன் தலைமறைவாக இருந்ததும், அவை எளிதில் கைமாறும் பொருள் இல்லை என்பதும் சேர்ந்துகொண்டன. இந்த ஊகத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் எதிரியிடம் நடுவர் நேரடியாகக் கேட்கும் கேள்விகளில் நகை கிடைத்த விவரம் இருக்க வேண்டும். கேட்காமல் விட்டால் அதை அவனுக்கு எதிராகப் பயன்படுத்துவது சிக்கலாகிவிடும்.

சிசிடிவி இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர் கருவியில் பழைய பதிவின் மேல் புதியது தானாக எழுதப்படும். கொள்ளளவைப் பொறுத்து ஒரு வாரத்திலேயே அழிந்துவிடலாம். அதனால் முதல் நாளே எதிர்வீடு, தெருமுனைக் கடை என்று எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். டிவிஆரின் கடிகாரம் அநேகமாகத் தப்பாக ஓடும். எடுக்கும்போதே செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு, "டிவிஆர் 47 நிமிடம் பிந்துகிறது" என்பதுபோல் மகஜரில் எழுதாவிட்டால், செல்போன் கோபுர விவரத்தோடு அது ஒருநாளும் சேராது. நகலை நீதிமன்றத்தில் காட்ட சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்: ஒரு பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவரும், இன்னொன்றை நிபுணரும் தர வேண்டும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்போடு. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கு உறுதிசெய்துவிட்டது. அசல் டிவிஆரையே கொண்டுவந்தால் அந்தக் கவலை குறையும். செல்போன் கோபுரமோ ஒரு பகுதியைத்தான் காட்டும். அந்தத் தெருவில் இருந்தான் என்பதும் அந்த வீட்டுக்குள் இருந்தான் என்பதும் ஒன்றல்ல.

நகை உருக்கப்பட்டுவிட்டால் கண்ணால் அடையாளம் காட்ட ஒன்றுமில்லை. அப்போது கடையின் கணக்குப் புத்தகம், அடகுச் சீட்டு, பணம் போன வங்கிக் கணக்கு, கடைக் கேமரா ஆகியவைதான் கட்டியை எதிரியோடு சேர்க்கும். வாங்கியவரை எதிரியாக்குவதா சாட்சியாக்குவதா என்பது கஷ்டமான முடிவு. சாட்சியாக்கினால் பிறழலாம். எதிரியாக்கினால், திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினார் என்று நிரூபிக்க வேண்டும். சந்தை விலையில் பாதிக்கு, சீட்டில்லாமல், ராத்திரியில் வாங்கினார் என்பது அதற்கு உதவும்.

கடைசியாக, கிடைத்த நகையை வழக்கு முடியும்வரை நீதிமன்றத்தில் விட்டுவைக்க வேண்டியதில்லை. 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் படம் எடுத்து, பட்டியல் எழுதி, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு திருப்பித் தரச் சொன்னது. இப்போது நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவு, பொருள் வந்த 14 நாளுக்குள் பட்டியல், அது தயாராகிப் படமும் எடுத்தபின் 30 நாளுக்குள் உத்தரவு என்று காலம் வைத்திருக்கிறது. திரும்பி வந்த நகையை அழிக்கவோ, மாற்றிச் செய்யவோ, விற்கவோ கூடாது. பற்றவைத்த கொக்கியைப் பளபளப்பாக்கக்கூடக் கூடாது. சாட்சிச் சம்மன் வரும் நாளில் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, கடன் சீட்டு நகலோடு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.